சமநோக்கு வளைகோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்பு மாணவரும் எம்.ஏ. மாணவரும் நெட் தேர்வுக்குப் படிப்பவரும் இந்தப் பாடத்தில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். படத்தை மனப்பாடம் செய்துவிட்டு எண்களைப் போட்டுப் பார்க்காமல் விடுவதால் வருபவை அவை. அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஒரே கணக்கை வைத்தே போகிறோம்.

கணக்கு இதுதான். ஒரு குடும்பம் மாதம் ரூ.800-ஐத் தக்காளிக்கும் பீன்ஸுக்கும் ஒதுக்குகிறது. இரண்டும் கிலோ ரூ.100. (4, 8) என்று எழுதினால் 4 கிலோ தக்காளி, 8 கிலோ பீன்ஸ். எப்போதும் தக்காளிதான் முதலில். இந்தக் குடும்பம் எந்தத் தொகுப்பு மேல், எது கீழ் என்பதை இரண்டு எண்களையும் பெருக்கி முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்குத்தொகை கூடினால் திருப்தி கூடுகிறது.

சமநோக்கு வளைகோடுன்னா ஒரே வரியில் என்ன?

ஒரு நுகர்வோருக்குச் சமமான திருப்தி தரும் தொகுப்புகள் எல்லாவற்றையும் இணைக்கும் கோடு. நம் குடும்பத்துக்கு (1, 16), (2, 8), (4, 4), (8, 2), (16, 1) எல்லாவற்றுக்கும் பெருக்குத்தொகை 16. இவற்றில் எதைக் கையில் கொடுத்தாலும் ‘அதற்குப் பதில் இதைக் கொடு’ என்று கேட்க மாட்டார்கள். இந்தப் புள்ளிகளை இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும்.

(5, 4) இதற்கு மேலுள்ள இன்னொரு வளைகோட்டில் இருக்கிறது, (3, 5) கீழுள்ள ஒன்றில். எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் வழியாக ஒரு வளைகோடு போகும். பாடநூலில் மூன்று கோடுகள் மட்டும் இருப்பது படம் தெளிவாகத் தெரிவதற்காக. உண்மையில் இடைவெளியே இல்லாமல் கோடுகள் நிறைந்திருக்கின்றன.

திருப்தியை அளக்கவே முடியாது என்கிறீர்கள், அப்புறம் 16, 20 என்று எண் போடுகிறீர்களே?

அந்த எண்கள் வரிசை எண்கள், அளவுகள் அல்ல. பெருக்கி வந்த எண்ணை வர்க்கப்படுத்திப் பாருங்கள். (4, 4)-க்கு 256, (5, 4)-க்கு 400, (3, 5)-க்கு 225 வரும். எண்கள் மாறிவிட்டன, எது முதலில், எது கடைசியில் என்பது மாறவில்லை. வளைகோடுகளும் இம்மி நகரவில்லை. ஆகவே ‘20 என்பது 16-ஐவிட 25 சதவீதம் கூடுதல் திருப்தி’ என்று எழுதினால் அது பிழை. ‘16-ஐவிட 20 மேல்’ என்பதோடு நிறுத்த வேண்டும்.

திருப்தியை அளக்கலாம் என்று கொள்ளும் மார்ஷலின் இயலெண் ஆய்வுக்கும், எது மேல் எது கீழ் என்ற வரிசையை மட்டும் கொள்ளும் தரவரிசை ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வளைகோட்டை முதலில் பயன்படுத்தியவர் எட்ஜ்வொர்த் (1881), ஆனால் அவர் திருப்தியை அளக்க முடியும் என்று நம்பியவர். பரேட்டோ (1906) அதைத் திருப்பிப் போட்டார்: வளைகோடுகளை ஆரம்பமாக வைத்துக்கொள்வோம், அளவு தேவையில்லை என்றார். அதை முழுமையான தேவைக் கோட்பாடாக்கியவர்கள் ஹிக்ஸும் ஆலனும், 1934-இல். தேர்வில் ‘ஹிக்ஸ் கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது சரியல்ல.

வளைகோடு ஏன் இடமிருந்து வலமாக இறங்குகிறது?

இரண்டுமே வேண்டிய பண்டங்கள் என்பதால். தக்காளி கூடி, பீன்ஸும் குறையாமல் இருந்தால் திருப்தி கூடிவிடும். அதே திருப்தியில் நிற்க வேண்டுமானால் ஒன்று கூடும்போது மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஒரு பண்டம் வேண்டாததாக இருந்தால் இது பொருந்தாது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

இரண்டு வளைகோடுகள் வெட்டாது என்பதை எப்படி நிரூபிப்பது? எழுதினாலும் மார்க் குறைக்கிறார்கள்.

வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் புள்ளி அ. முதல் கோட்டில் வேறொரு புள்ளி ஆ. இரண்டாவது கோட்டில், ஆ-வுக்கு நேர் மேலே, இ. முதல் கோட்டின்படி அ-வும் ஆ-வும் சமம். இரண்டாவது கோட்டின்படி அ-வும் இ-யும் சமம். அப்படியானால் ஆ-வும் இ-யும் சமமாக வேண்டும். ஆனால் இ-யில் தக்காளி அதே அளவு, பீன்ஸ் கூடுதல். ஆகவே இ மேலானது. முரண்பாடு.

மார்க் போவது இரண்டு இடங்களில். ‘அ = ஆ, அ = இ, எனவே ஆ = இ’ என்ற தாவலுக்குக் கடப்புப் பண்பு என்ற எடுகோள் காரணம்; ‘இ மேலானது’ என்பதற்குக் கூடுதலே மேல் என்ற எடுகோள் காரணம். இரண்டையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இன்னொன்று: இந்த நிரூபணம் ஒரே ஆளின் கோடுகளுக்குத்தான். உங்கள் கோடும் என் கோடும் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். வெட்டாது என்பதால் கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இறுதிநிலை பதிலீட்டு வீதத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு விடை வருகிறது.

இறுதிநிலை பதிலீட்டு வீதம், வகுப்பில் எல்லாரும் சொல்வதுபோல் எம்.ஆர்.எஸ்., ஒரு கேள்விக்கான விடை: இன்னும் ஒரு கிலோ தக்காளிக்காக, திருப்தி குறையாமல், எத்தனை கிலோ பீன்ஸை விட்டுக்கொடுக்கத் தயார்? (1, 16)-இலிருந்து (2, 8)-க்குப் போகும்போது ஒரு கிலோ தக்காளிக்கு 8 கிலோ பீன்ஸ் போகிறது. (2, 8)-இலிருந்து (4, 4)-க்கு 2 கிலோவுக்கு 4, அதாவது கிலோவுக்கு 2. அடுத்த தாவலில் கிலோவுக்கு அரை. அதற்கடுத்ததில் கிலோவுக்கு எட்டில் ஒன்று.

விடைகள் வேறுபடுவதற்குக் காரணம், இவை இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட சராசரி என்பதுதான். ஒரே புள்ளியில் கேட்டால் அங்கே வரையும் தொடுகோட்டின் சாய்வை எடுக்க வேண்டும். நம் குடும்பத்துக்கு அது பீன்ஸ் அளவைத் தக்காளி அளவால் வகுத்தது: (1, 16)-இல் 16, (2, 8)-இல் 4, (4, 4)-இல் 1, (8, 2)-இல் கால். 16-க்கும் 4-க்கும் நடுவில் சராசரி 8 வந்ததைக் கவனியுங்கள். கேள்வியில் அட்டவணை கொடுத்திருந்தால் சராசரி, பயன்பாட்டுச் சார்பு (நம் பெருக்கலைப் போல, தொகுப்புக்குத் திருப்தி எண் தரும் வாய்பாடு) கொடுத்திருந்தால் புள்ளியின் சாய்வு. எந்தப் பண்டத்துக்காக எதை விடுகிறோம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். தலைகீழாகப் போட்டால் 4 என்பது கால் ஆகிவிடும்.

ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்திருப்பதற்குக் காரணம் குறைந்து செல் இறுதிநிலை பயன்பாட்டு விதிதானே?

இல்லை. இந்தப் பாடத்தில் அதிகம் பேர் விழும் இடம் இது. குவிந்திருப்பதற்குக் காரணம் எம்.ஆர்.எஸ். குறைந்துகொண்டே போவது: மேலே பார்த்த 16, 4, 1, கால் என்ற வரிசை. தக்காளி சேரச் சேர, அடுத்த கிலோவுக்காக விடத் தயாராக இருக்கும் பீன்ஸ் குறைகிறது.

இறுதிநிலை பயன்பாட்டை, அதாவது கடைசியாகச் சேர்ந்த ஒரு கிலோ கூட்டும் திருப்தியை, நம் குடும்பத்தின் சார்பிலேயே சோதித்துப் பாருங்கள். பீன்ஸ் 4 கிலோவில் நிற்கட்டும். தக்காளி 1, 2, 3 என்று ஏறினால் பெருக்குத்தொகை 4, 8, 12. ஒவ்வொரு கிலோவும் 4 கூட்டுகிறது, குறையவே இல்லை. வர்க்கப்படுத்தினால் 16, 64, 144. கூடுதல் முதலில் 48, அடுத்து 80. இறுதிநிலை பயன்பாடு ஏறுகிறது! ஆனால் இரண்டிலும் வளைகோடு ஒன்றே, அதே குவிவு. எண்களை மாற்றிப் போட்டால் இறுதிநிலை பயன்பாடு ஏறும், இறங்கும், நிலையாக நிற்கும். எம்.ஆர்.எஸ். மட்டும் மாறாது. தரவரிசை ஆய்வில் பற்றிக்கொள்ளத் தக்கது அது ஒன்றுதான்.

வரவு செலவுக் கோட்டின் சாய்வில் எந்த விலை மேலே, எந்த விலை கீழே?

வரவு செலவுக் கோடு (விலைக்கோடு என்றும் சொல்வோம்) என்பது கையிலுள்ள பணம் முழுவதற்கும் வாங்கக்கூடிய தொகுப்புகளை இணைக்கும் கோடு. படுக்கை அச்சில் உள்ள பண்டத்தின் விலை மேலே, செங்குத்து அச்சில் உள்ளதன் விலை கீழே. முன்னால் கழித்தல் குறி. தக்காளி படுக்கை அச்சில் இருந்தால் தக்காளி விலை ÷ பீன்ஸ் விலை. குழப்பம் வந்தால் வெட்டுத்துண்டுகளிலிருந்து எடுங்கள்: ரூ.800-க்கும் பீன்ஸே வாங்கினால் 8 கிலோ, தக்காளியே வாங்கினால் 8 கிலோ. 8-ஐ 8-ஆல் வகுத்தால் 1. தக்காளி விலை ரூ.25 ஆனால் தக்காளி முனை 32 கிலோவுக்கு நகரும், பீன்ஸ் முனை 8-இலேயே நிற்கும். சாய்வு 8 ÷ 32, அதாவது கால்.

ஒரு விலை மாறினால் கோடு ஒரு முனையைப் பற்றிக்கொண்டு திரும்பும். வருமானம் மாறினால் இணையாக நகரும். இரண்டு விலையும் வருமானமும் ஒன்றாக இரட்டித்தால் எதுவுமே நகராது.

சமநிலையில் எம்.ஆர்.எஸ்-உம் விலை விகிதமும் சமம் என்கிறார்கள். சமமாக இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்?

சமநிலை என்பது கையிலுள்ள பணத்தில் மிக அதிகத் திருப்தி தரும் தொகுப்பு. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் செலவைக் கூட்டாமலேயே மேலே போக வழி இருக்கும். குடும்பம் (2, 6) வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். செலவு ரூ.800. இங்கே எம்.ஆர்.எஸ். 6 ÷ 2 = 3: ஒரு கிலோ தக்காளிக்கு ஏறத்தாழ 3 கிலோ பீன்ஸ் வரை விடத் தயார். கடையிலோ 1 கிலோ பீன்ஸை விட்டாலே 1 கிலோ தக்காளி கிடைக்கிறது. மாற்றினால் (3, 5): பெருக்குத்தொகை 12-இலிருந்து 15. இன்னொரு கிலோ மாற்றினால் (4, 4): 16. அதற்கு மேலும் மாற்றினால் (5, 3): திரும்ப 15.

எனவே எம்.ஆர்.எஸ். விலை விகிதத்தைவிடப் பெரிதாக இருந்தால் தக்காளியைக் கூட்ட வேண்டும், சிறிதாக இருந்தால் குறைக்க வேண்டும். ‘தொடுபுள்ளியில் சமநிலை’ என்று மட்டும் எழுதாமல் இந்தத் திசையையும் எழுதுபவர்களுக்குத்தான் பாடம் புரிந்திருக்கிறது என்று சொல்ல முடியும். படம் வரையும்போது கோடு வளைகோட்டை ஒரே புள்ளியில் தொட வேண்டும். இரண்டு இடத்தில் வெட்டுவதுபோல் வரைந்துவிட்டு நடுவில் புள்ளி வைப்பது வழக்கமான பிழை.

எப்போதும் தொடுபுள்ளியில்தான் சமநிலை வருமா?

வராது. அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டும் ஒரு லிட்டர் பாக்கெட் ஒன்றும் ஒருவருக்கு முழுக்க ஒன்றே என்றால் அவை முழுப் பதிலீடுகள், ‘வளைகோடு’ நேர்கோடாகிவிடும். அங்கே எம்.ஆர்.எஸ். எல்லா இடத்திலும் ஒரே அளவுதான். ஒரு லிட்டர் பாக்கெட்டின் விலை அரை லிட்டர் விலையைப்போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தால் முழுப் பணமும் அதற்கே போகும்: மூலைத் தீர்வு. சரியாக இரண்டு மடங்கானால் கோட்டின் எந்தப் புள்ளியும் விடைதான்.

போல்ட்டும் நட்டும் முழு நிரப்பிகள். வளைகோடு ஆங்கில ‘எல்’ வடிவம். மூலையில் சாய்வு என்று ஒன்றே இல்லாததால் வகையிட்டு விடை காண முயன்றால் முட்டிக்கொள்வீர்கள். போல்ட் ரூ.12, நட் ரூ.3, கையில் ரூ.150 என்றால் ஒரு ஜோடி ரூ.15, ஆகவே 10 ஜோடி. அவ்வளவுதான் கணக்கு. வளைகோடு குழிந்திருந்தாலும் தொடுபுள்ளி ஏமாற்றும்: அங்கே கிடைப்பது மிகக் குறைந்த திருப்தி, உச்சம் மூலையில் இருக்கும்.

வேண்டாத பொருளுக்கும் சமநோக்கு வளைகோடு உண்டா?

உண்டு. குப்பை, புகை, இரைச்சல் போன்றவை கூடினால் திருப்தி குறைகிறது. அதை ஈடுகட்ட வேண்டிய பண்டம் கூட வேண்டும். கோடு மேல்நோக்கி ஏறும். முதலீட்டுப் பாடத்தில் ஆபத்தைப் படுக்கை அச்சிலும் வருவாயைச் செங்குத்து அச்சிலும் போட்டு வரையும் கோடுகள் இந்த வகை. வேண்டியதும் இல்லை, வேண்டாததும் இல்லை என்றால் (சைவம் சாப்பிடுபவருக்குக் கோழி விலைக் கூப்பன், விற்கவும் முடியாது என்று வையுங்கள்) கோடு மற்றப் பண்டத்தின் அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும்.

விலை விளைவைப் பதிலீட்டு விளைவு, வருமான விளைவு என்று பிரிப்பது எப்படி? எண்களில் காட்டுங்கள்.

விலை இறங்கினால் வாங்குவது இரண்டு காரணங்களால் மாறும்: பீன்ஸோடு ஒப்பிட்டால் தக்காளி மலிவாவது பதிலீட்டு விளைவு, அதே பணத்தில் கூடுதலாக வாங்க முடிவது வருமான விளைவு. இரண்டும் சேர்ந்ததே விலை விளைவு. தக்காளி கிலோ ரூ.100-இலிருந்து ரூ.25-க்கு இறங்குகிறது. வரத்து கூடும் மாதங்களில் நடப்பதுதான். பழைய சமநிலை (4, 4). புதிய சமநிலையில் எம்.ஆர்.எஸ். கால் ஆக வேண்டும், செலவு ரூ.800 ஆக வேண்டும்: (16, 4). மொத்த விலை விளைவு தக்காளியில் 12 கிலோ. ஒரு குடும்பம் 16 கிலோ தக்காளியை என்ன செய்யும் என்று கேட்டால் கேள்வி நியாயமானது. எண்களைப் பெருக்கும் இந்தச் சார்பு எந்த விலையிலும் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் குணம் கொண்டது; கணக்குக்கு எளிது என்பதால் வைத்திருக்கிறோம்.

ஹிக்ஸ் முறையில், விலை குறைந்ததால் கூடிய திருப்தியை முதலில் பறித்துவிட வேண்டும். புதிய விலையில், பழைய வளைகோட்டிலேயே (பெருக்குத்தொகை 16) மிகக் குறைந்த செலவுப் புள்ளி எது? பீன்ஸ் தக்காளியில் கால் பங்கு, பெருக்கினால் 16: அது (8, 2). செலவு 200 + 200 = ரூ.400. ஆகவே 4-இலிருந்து 8 வரை பதிலீட்டு விளைவு, 4 கிலோ. பறித்த ரூ.400-ஐத் திருப்பிக் கொடுத்தால் 8-இலிருந்து 16 வரை வருமான விளைவு, 8 கிலோ. படத்தில் இந்த இடைக்கோடு புதிய விலைக்கோட்டுக்கு இணையாகவும் பழைய வளைகோட்டைத் தொட்டும் இருக்க வேண்டும். பழைய விலைக்கோட்டுக்கு இணையாக வரைந்தால் படம் முழுக்க வீண்.

ஸ்லட்ஸ்கி முறையில் வேறு விடை வருகிறதே, எது சரி?

இரண்டும் சரி; ‘உண்மை வருமானம் மாறாமல்’ என்பதை வேறு வேறாக எடுத்துக்கொள்கின்றன. ஹிக்ஸ் பழைய திருப்தியை மட்டும் விட்டுவைக்கிறார். ஸ்லட்ஸ்கி பழைய தொகுப்பையே வாங்கும் அளவுக்குப் பணம் விட்டுவைக்கிறார். (4, 4)-ஐப் புதிய விலையில் வாங்க 100 + 400 = ரூ.500 வேண்டும். அந்த ரூ.500-உடன் குடும்பம் தேர்வு செய்வது (10, 2.5). எனவே பதிலீட்டு விளைவு 6, வருமான விளைவு 6. கூட்டினால் அதே 12.

(10, 2.5)-இன் பெருக்குத்தொகை 25, 16-ஐவிட மேல். ஸ்லட்ஸ்கி கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிடுகிறார். ஆனால் அவர் முறைக்கு வளைகோடு தெரியத் தேவையில்லை. விலையும் வாங்கிய அளவும் போதும், தரவுகளோடு வேலை செய்பவர்களுக்கு அது பெரிய வசதி. அவர் இதை வெளியிட்டது 1915-இல், ஓர் இத்தாலிய இதழில். விலை மாற்றம் மிகச் சிறியதானால் இரண்டு விடைகளும் நெருங்கிவிடும். தேர்வில் ‘திருப்தி மாறாமல்’ என்றிருந்தால் ஹிக்ஸ், ‘வாங்கும் சக்தி மாறாமல்’ என்றிருந்தால் ஸ்லட்ஸ்கி.

இதிலிருந்து தேவைக் கோடு எப்படி வருகிறது?

விலையை மட்டும் மாற்றிச் சமநிலைகளைக் குறித்துக்கொண்டே போங்கள். ரூ.100-இல் 4 கிலோ, ரூ.50-இல் 8, ரூ.25-இல் 16. இந்த ஜோடிகளை விலை ஓர் அச்சிலும் அளவு ஓர் அச்சிலுமாக வேறொரு படத்தில் போட்டால் தேவைக் கோடு. முதல் படத்தின் செங்குத்து அச்சில் பீன்ஸ் இருக்கிறது, விலை இல்லை. இரண்டு படத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். தக்காளிச் செலவு எல்லா விலையிலும் ரூ.400 என்பதால் இங்கே நெகிழ்ச்சி, அதாவது விலை மாற்றத்துக்கு ஏற்ப அளவு அசையும் வீதம், 1.

தாழ்ந்த பண்டம் எல்லாம் கிஃபன் பண்டமா?

இல்லை. கிஃபன் பண்டம் எல்லாம் தாழ்ந்த பண்டம். திருப்பிச் சொன்னால் தவறு. வருமானம் கூடும்போது வாங்குவது குறைந்தால் அது தாழ்ந்த பண்டம். அங்கே விலை ஏறினால் பதிலீட்டு விளைவு குறைக்கச் சொல்லும், வருமான விளைவு கூட்டச் சொல்லும். பெரும்பாலும் முதலாவது ஜெயிக்கும். இரண்டாவது ஜெயிக்கும் அபூர்வ நிலைதான் கிஃபன். அதற்கு அந்தப் பண்டம் செலவில் பெரும்பங்கு வகிக்க வேண்டும், நெருங்கிய பதிலீடு இருக்கக் கூடாது.

ஒருவருக்கு மாதம் ரூ.1,600, வயிறு நிறைய அரிசியும் மீனுமாக 40 கிலோ கட்டாயம் வேண்டும், அதற்குள் முடிந்தவரை மீன் வேண்டும். அரிசி ரூ.20, மீன் ரூ.100 என்றால் 30 கிலோ அரிசி, 10 கிலோ மீன் (600 + 1,000). அரிசி ரூ.25 ஆனால் பழைய தொகுப்புக்கு ரூ.1,750 ஆகும், கட்டாது. 32 கிலோ அரிசி, 8 கிலோ மீன் (800 + 800) என்று இறங்க வேண்டும். விலை ஏறியும் அரிசி 2 கிலோ கூடிவிட்டது.

பாடநூல்கள் தரும் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்ச உதாரணத்தைத் தவிர்க்கலாம். 1845-இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் விளைச்சலே அழுகிப் போனது. இல்லாத கிழங்கை மக்கள் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க முடியாது. நல்ல சான்று சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஜென்சன், மில்லர் இருவரும் நடத்தி 2008-இல் வெளியிட்ட கள ஆய்வு. ஏழைக் குடும்பங்களுக்குச் சலுகை விலையில் அரிசி வாங்கக் கூப்பன் கொடுத்தார்கள். அவர்கள் அரிசி உண்பது குறைந்தது.

ரேஷனில் 20 கிலோ அரிசி இலவசமாகக் கொடுப்பதும் அதற்கான பணத்தைக் கையில் கொடுப்பதும் ஒன்றுதானா?

குடும்பத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டைகளுக்கு அரிசி இலவசம். அட்டைக்கு 20 கிலோ என்று வைத்துக் கணக்கிடுவோம். மாத வருமானம் ரூ.10,000, கடை அரிசி கிலோ ரூ.50. படுக்கை அச்சில் அரிசி, செங்குத்து அச்சில் மற்றச் செலவு. இலவச அரிசியோடு கோடு ரூ.10,000 உயரத்தில் 20 கிலோ வரை தட்டையாகப் போய், அங்கே முறிந்து, 220 கிலோ வரை இறங்கும். பணமாக ரூ.1,000 கொடுத்தால் ரூ.11,000-இலிருந்து 220 கிலோ வரை ஒரே நேர்கோடு. முறிவுக்கு வலப்பக்கம் இரண்டும் ஒன்றே. மாதம் 35 கிலோ உண்ணும் குடும்பத்துக்கு எப்படிக் கொடுத்தாலும் வேறுபாடு இல்லை.

பணம் கொடுத்தால் 12 கிலோ மட்டும் வாங்கக்கூடிய குடும்பத்துக்கு வேறுபாடு உண்டு. அது முறிவில் வந்து நிற்கும். அங்கே எம்.ஆர்.எஸ். விலை விகிதத்தைவிடச் சிறிது: கடைசிக் கிலோவின் மதிப்பு அவர்களுக்கு ரூ.30-ஆக இருக்கலாம், சந்தையில் ரூ.50. ‘ஆகவே பணமே மேல்’ என்று பாடநூல் முடிப்பது அவசரம். ஒன்று, அரிசி விலை ஏறினால் அரிசியின் மதிப்பு தானாக ஏறும், ரூ.1,000 அப்படியே நிற்கும். இரண்டு, வீட்டில் வளைகோடு ஒன்றுதானா? பணத்தைச் செலவிடுபவரும் சமைப்பவரும் வேறானால் அவர்களின் வளைகோடுகளும் வேறு. மூன்று, ரேஷன் புழுங்கலரிசியை இட்லி மாவுக்கு வைத்துக்கொண்டு சோற்றுக்குப் பொன்னி வாங்கும் வீடுகள் ஏராளம். அவர்களுக்கு இவை இரண்டு பண்டங்கள். ஓர் அச்சில் இரண்டையும் கூட்டிப் போட்டால் கணக்கே பொய்த்துவிடும்.

மனிதர்கள் நிஜமாகவே இப்படித்தான் தேர்வு செய்கிறார்களா?

எப்போதும் இல்லை. கானமன், நெட்ச், தாலர் 1990-இல் வெளியிட்ட சோதனைகளில், பாதி மாணவர்களுக்கு ஒரு காபிக் குவளையைச் சொந்தமாகக் கொடுத்துவிட்டு விற்க என்ன விலை வேண்டும் என்று கேட்டார்கள். மீதிப் பேரிடம் வாங்க என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்டது ஏறத்தாழ இரண்டு மடங்கு. கையில் வந்ததுமே வளைகோடு மாறிவிடுகிறது. தொடங்கும் இடத்தைப் பொறுத்து, ஒரே ஆளின் கோடுகளே வெட்டிக்கொள்கின்றன. மேலே நான்காவது சந்தேகத்துக்கு எழுதிய நிரூபணம் எந்த எடுகோள்களின்மேல் நிற்கிறது என்பது இங்கேதான் உறைக்கிறது.

வளைகோட்டை யாரும் பார்க்க முடியாது என்றாலும் சோதிக்க முடியும். சாமுவெல்சன் 1938-இல் முன்வைத்த வெளிப்பட்ட விருப்ப முறை அதற்குத்தான். ஜூலையில் இரண்டும் ரூ.100, ஒருவர் வாங்கியது (6, 2), செலவு ரூ.800. அதே பணத்தில் (2, 6) கிடைத்திருக்கும், வேண்டாம் என்று விட்டார். ஆகஸ்டில் தக்காளி ரூ.50, வாங்கியது (2, 6), செலவு ரூ.700. அப்போது (6, 2) வெறும் ரூ.500 தான்! ஜூலையில் முதலாவது மேல், ஆகஸ்டில் இரண்டாவது மேல். எந்தச் சமநோக்கு வளைகோட்டாலும் இந்த இரண்டு மாதங்களையும் சேர்த்து விளக்க முடியாது: விருப்பம் மாறியிருக்க வேண்டும், அல்லது முதலில் சொன்ன எடுகோள்கள் அவருக்குப் பொருந்தவில்லை.

அகவிலைப்படிக்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது (இப்போதைய அடிப்படை ஆண்டு 2016 = 100). அந்தக் குறியீடு ஒரு குறிப்பிட்ட பொருள் கூடையை மாற்றாமல் வைத்துக்கொண்டு அதன் விலை எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறது. இது ஸ்லட்ஸ்கியின் சிந்தனை.

நம் குடும்பத்துக்குத் தக்காளி ரூ.100-இலிருந்து ரூ.400 ஆகிவிட்டது என்று வைப்போம். பழைய (4, 4)-ஐ அப்படியே வாங்க 1,600 + 400 = ரூ.2,000 வேண்டும், ஏற்றம் 150 சதவீதம். ஆனால் பழைய திருப்தியை (2, 8)-உம் தரும்; அதற்கு 800 + 800 = ரூ.1,600 போதும், ஏற்றம் 100 சதவீதம். இடையிலுள்ள ரூ.400 பதிலீட்டைக் கணக்கில் எடுக்காததால் வந்த மிகை. எல்லா விலையும் ஒரே விகிதத்தில் ஏறினால் இந்த மிகை இராது, ஏனென்றால் பதிலீடு செய்யக் காரணமே இல்லை. இதை வைத்து ‘படி அதிகமாகக் கொடுக்கப்படுகிறது’ என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. கூடை பழையதாகி, மக்கள் இன்று செலவிடும் மருத்துவமும் கல்விக் கட்டணமும் அதில் உரிய எடை பெறாவிட்டால் பிழை எதிர்த்திசையிலும் போகும். எந்தப் பக்கம் பெரிது என்பதைச் செலவுக் கணக்கெடுப்பு எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும், படத்தை வைத்து முடியாது.